ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட் 5.0 வி8: சத்தம் வருகிறது என்று எஞ்சினை மாற்றுவதற்கு முன்

கேள்வி இதுதான். ஷார்ஜாவில் இருக்கும் ஒருவர் 2011 மாடல் ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட், 5.0 லிட்டர் சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) வைத்த வி8, 1,40,000 கி.மீ. ஓடியதைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகள் கடகடவென்று பயங்கரச் சத்தம், பிறகு அடங்கிவிடுகிறது. நன்றாகச் சூடான பிறகு சிக்னலில் நிற்கும்போது டீசல் வண்டி போல லொடலொட. ஓட்டும்போது முன்பக்கத்திலிருந்து பெரிய இரைச்சல். கராஜில் பார்த்துவிட்டு எஞ்சின் போய்விட்டது, பழைய எஞ்சின் ஒன்று வாங்கிப் போட்டுவிடலாம் என்கிறார்கள். போடலாமா?

வேண்டாம். இப்போதைக்கு அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதில் மூன்று சத்தங்கள் இருக்கின்றன. மூன்றும் வெவ்வேறு நேரத்தில் வருகின்றன, அதனால் வெவ்வேறு இடத்திலிருந்து வர வாய்ப்பு மிக அதிகம். மூன்றையும் ஒன்றாகக் கேட்டால் யாருக்கும் எஞ்சின் நொறுங்கிப்போனது மாதிரிதான் தோன்றும். பிரித்துப் பார்த்தால் ஒன்று அவசரம், ஒன்று தொல்லை, ஒன்று அநேகமாக எஞ்சினுக்கு வெளியே இருக்கும் விஷயம்.

அப்புறம் இன்னொன்று. ஸ்கிராப் யார்டிலிருந்து வரும் பழைய எஞ்சின் அதே காலத்து எஞ்சினாக இருந்தால் டைமிங் செயினைத் தொய்யாமல் பிடிக்கும் அதே டென்ஷனர்தான், இந்த எஞ்சினின் பலவீனமே அதுதான், அதிலும் இருக்கும். அது எந்த ஆயிலில், எத்தனை கி.மீ. ஓடியது என்று யாராலும் சொல்ல முடியாது. நாளைக்கு அதிலும் இதே கடகட வரும். உங்களிடம் இருக்கும் எஞ்சினின் குறையாவது உங்களுக்குத் தெரியும்.

முதலில் காலைச் சத்தம். அவசரம் அதுதான்.

இந்த வி8 எஞ்சினில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கிலிருந்து, வால்வுகளைத் திறந்து மூடும் இரண்டு பக்க கேம்ஷாஃப்ட்டுகளுக்கும் தனித்தனி டைமிங் செயின் போகிறது. செயின் தொய்யாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு டென்ஷனர் உண்டு. ஆயில் அழுத்தத்தில் அதன் முனை வெளியே நீண்டு ஒரு நெம்புகோல் மாதிரியான கைடைத் தள்ளும், கைடு செயினைத் தள்ளும். ஆரம்ப கால எஞ்சின்களில், அதாவது 2010 முதல் 2012 வரையான மாடல்களில் அதிகம் பார்ப்பது, அந்த டென்ஷனர் முனை சிறியது, அது முட்டும் கைடோ அலுமினியம். லட்சம் கிலோமீட்டர் ஓடும்போது முனை கைடில் குழி பறித்துவிடுகிறது. குழி ஆழமாக ஆக செயின் தொய்கிறது. இரவெல்லாம் வண்டி நிற்கும்போது டென்ஷனரில் இருக்கும் ஆயில் வடிந்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் அழுத்தம் ஏறும் வரை பிடிப்பில்லாத செயின் கைடிலும் கவரிலும் அடிக்கிறது, அதுதான் அந்தக் கடகட. அழுத்தம் வந்ததும் டென்ஷனர் நீண்டு செயினை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது, சத்தம் நிற்கிறது. நின்றுவிட்டது, பரவாயில்லை என்று ஓட்டுபவர்கள்தான் கடைசியில் மாட்டிக்கொள்கிறார்கள். டென்ஷனர் நீளக்கூடிய அளவைத் தாண்டித் தொய்வு போய்விட்டால் செயின் பல் தாண்டும், பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் முட்டும். அப்போதுதான் கராஜ்காரர் சொன்னது உண்மையாகும், எஞ்சின் போய்விடும்.

இது செயின்தானா என்று எப்படி உறுதி செய்வது? முதல் வேலை ஆயில் அளவு. இந்த வண்டியில் வழக்கமான டிப்ஸ்டிக்கைத் தேடாதீர்கள், மீட்டர் திரையின் மெனு வழியாகத்தான் அளவு காட்டும். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஆயில் கீழே இறங்கச் சிறிது நேரம் கொடுத்துப் பாருங்கள். குச்சியை இழுத்துப் பார்க்கும் பழக்கம் இல்லாமல் போனதால் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் குறைந்தே ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள் நிறைய. ஆயில் குறைவாக இருந்தாலே காலையில் சத்தம் நீளும். முந்தைய உரிமையாளர் என்ன ஆயில் ஊற்றினார் என்பதும் முக்கியம். இந்த எஞ்சினுக்குக் கம்பெனி சொன்னது 5டபிள்யூ-20 என்ற இளக்கமான ஆயில். விற்பதற்கு முன் சத்தத்தை அமுக்க 20டபிள்யூ-50 மாதிரி கெட்டி ஆயிலை ஊற்றிவிடுவது பழைய தந்திரம். சூட்டில் சத்தம் குறையும், ஆனால் காலையில் அந்தக் கெட்டி ஆயில் மேலே டென்ஷனருக்குப் போய்ச் சேர நேரமாகும், செயின் இன்னும் கூடுதல் நேரம் அடிபடும். ஆயிலையும் ஃபில்டரையும் இப்போதே மாற்றிவிடுங்கள். எந்த ஆயில் உள்ளே இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரியாமல் சத்தத்தை ஆராய்வதில் பயன் இல்லை.

மாற்றும்போது பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடாதீர்கள். காகித மடிப்புகளை வெட்டி விரித்து, வெயிலில் பிடித்துப் பாருங்கள். கறுப்பு அல்லது பழுப்பு நிறப் பிளாஸ்டிக் துணுக்கு இருந்தால் கைடில் செயின் உரசும் பிளாஸ்டிக் பக்கம் தேய்கிறது. அலுமினியப் பொடி நுணுக்கமாக மினுமினுத்தால் டென்ஷனர் குழி பறிக்கிறது என்பதற்கு ஒத்துப்போகிறது. செம்பு நிறத்தில் அல்லது பளபளவென்று தகடு தகடாக இருந்தால் அது பேரிங், அந்தக் கதையே வேறு, கீழே சொல்கிறேன். இந்த ஃபில்டர் வேலைக்குச் செலவு கிடையாது, ஆனால் எஞ்சின் மாற்றச் சொன்ன கராஜ்களில் பலர் இதைச் செய்திருக்கவே மாட்டார்கள்.

அடுத்து ஸ்கேன், அதாவது வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும் பிழைக் கோடுகளை (code) ஸ்கேனர் மாட்டிப் படிப்பது. பி0016, பி0017, பி0018, பி0019, இந்த நான்கில் எது வந்தாலும் கிராங்கும் கேமும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. 16, 17 ஒரு பக்க சிலிண்டர் வரிசை, 18, 19 மறுபக்கம். கோடு வந்திருந்து காலைச் சத்தமும் இருந்தால் அந்த வண்டியை ஓட்டாதீர்கள், ரிகவரி வண்டியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். கோடு எதுவும் இல்லை என்பதற்காகச் செயின் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. தொய்வு கணிசமாக ஆன பிறகுதான் கம்ப்யூட்டருக்கே தெரியும். உங்கள் காதுக்கு அதற்கு முன்பே தெரிந்துவிடும்.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் வால்வு கவரைக் கழற்றி, செயினைக் கையால் அழுத்தித் தொய்வைப் பார்க்க வேண்டும், கூடவே எண்டோஸ்கோப் கேமராவை விட்டு டென்ஷனர் எவ்வளவு வெளியே நீண்டிருக்கிறது என்றும் பார்க்கலாம். இது அரை மணி நேர வேலை கிடையாது, கூலி கேட்பார்கள், கொடுங்கள். எஞ்சின் மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

செயின் வேலை என்று முடிவானால் என்னென்ன மாற்ற வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருங்கள். டென்ஷனரை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் விடாதீர்கள், குழி விழுந்தது கைடில்தானே. இரண்டு செயின், இரண்டு டென்ஷனர், டென்ஷனர் முட்டும் கைடுகள், எதிர்ப்பக்கத்து நிலையான கைடுகள், முன் ஆயில் சீல், கிராங்க் புல்லி போல்ட், இவ்வளவும் புதிது. டென்ஷனரும் கைடும் பிற்காலத்தில் திருத்தி வெளியிட்ட வகையாக இருக்க வேண்டும். அதில் முனை அகலம், கைடில் அது முட்டும் இடத்தில் கடினமான எஃகு. பழைய வடிவத்தை நகலெடுத்த மலிவு செட் சந்தையில் கிடைக்கிறது, அதைப் போட்டால் அதே குழி மறுபடியும் விழும். பாகத்தைக் கையில் வாங்கி முனையைப் பார்த்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள்.

கேம் முனையில் இருந்துகொண்டு வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் வேரியபிள் டைமிங் யூனிட்டுகள் நான்கையும் சேர்த்து மாற்ற வேண்டுமா என்று கேட்பீர்கள். விலை அதிகம். பல் தேயாமல், யூனிட் தளராமல், அது சம்பந்தமான கோடு வராமல் இருந்தால் நான் விட்டுவிடுவேன். கழற்றிய பிறகு கையில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும், ஆகவே கழற்றிய அன்று நேரில் போய் நில்லுங்கள்.

இந்த எஞ்சினின் கேமையும் கிராங்கையும் சரியான இடத்தில் அசையாமல் பூட்டும் லாக்கிங் டூல் செட் கராஜில் இருக்கிறதா என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும். பெயிண்டில் குறி போட்டுக்கொண்டு கழற்றி மாட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தொய்ந்த செயினில் போட்ட குறி ஏற்கெனவே தப்பான இடத்தில்தானே இருக்கும்? எல்லாம் மாட்டியதும் எஞ்சினைக் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றி மறுபடி லாக் டூல் உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். செயினை மூடும் முன் கவருக்குப் போட்ட சீலண்ட் (கசிவை அடைக்கும் பசை) காயும் வரை ஆயில் ஊற்றக் கூடாது. முதல் முறை ஸ்டார்ட் செய்யும் முன் பெட்ரோலை நிறுத்திவிட்டு ஸ்டார்ட்டரில் மட்டும் சுற்ற விட்டு ஆயில் அழுத்தம் ஏறச் செய்வது நல்ல மெக்கானிக்கின் பழக்கம், புது டென்ஷனர் காலியாக இருக்கும் என்பதால். எஞ்சினைக் கீழே இறக்காமலே இந்த வேலையைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். பழகிய கை என்றால் இரண்டு மூன்று நாள் ஆகும். ஒரே நாளில் தருகிறேன் என்றால் எதையோ தாண்டிப் போகிறார் என்று அர்த்தம்.

இனி சிக்னலில் வரும் லொடலொட. இதைத்தான் பலர் செயின் என்று நினைத்து, செயின் செலவையும் செய்துவிட்டு, சத்தம் அப்படியே இருக்கிறதே என்று தலையில் கை வைத்து உட்காருகிறார்கள்.

எஞ்சின் மேலே நடுவில் உட்கார்ந்திருக்கும் ஈட்டன் சூப்பர்சார்ஜரின் மூக்குப் பகுதியில், புல்லிக்கும் உள்ளே சுற்றும் ரோட்டருக்கும் நடுவே ஒரு கப்ளர் உண்டு. ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஓடும்போது, எஞ்சின் சீராகச் சுற்றாது, ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் ஒரு சின்ன உந்தல் இருக்கும், அந்த உந்தல் ரோட்டருக்குப் போகாமல் தாங்குவதுதான் ஸ்பிரிங் வைத்த இந்தக் கப்ளரின் வேலை. அது தேய்ந்ததும் இரண்டு பக்கமும் ஆட்டம் வந்து, தகர டப்பாவில் கோலிக்குண்டு போட்டு ஆட்டியது மாதிரி சத்தம் கேட்கும். இதன் குணத்தைக் கவனியுங்கள்: எஞ்சின் சூடாக இருக்கும்போது, டிரைவில் கியர் போட்டு பிரேக்கில் நிற்கும்போது, ஐடிலில்தான் அதிகம். லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்து ஆர்.பி.எம். 1,200, 1,500 என்று ஏறினால் மறைந்துவிடும், ஏனென்றால் இழுவை வந்ததும் கப்ளர் ஒரு பக்கமாக அழுந்திவிடுகிறது. செயின் சத்தம் இப்படி நடந்துகொள்ளாது.

சோதிப்பது சுலபம். ஸ்டெதஸ்கோப் இருந்தால் அது, இல்லாவிட்டால் நீளமான ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து, நுனியைச் சூப்பர்சார்ஜர் மூக்கின் மேல் வையுங்கள். அப்புறம் முன் கவரில் வைத்துக் கேளுங்கள். எங்கே உரக்கக் கேட்கிறதோ அங்கே. ஓடும் எஞ்சின் பக்கத்தில் குனியும்போது சட்டைக் கை, கழுத்துத் துண்டு, தொங்கும் சங்கிலி எதுவும் பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதைவிட உறுதியான வழி, எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, சூப்பர்சார்ஜருக்கான பெல்ட்டைக் கழற்றி, புல்லியைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பது. ஸ்பிரிங் அமுங்குவது போல மெத்தென்று இருந்தால் சரி. டக் டக் என்று வெற்று ஆட்டம் இருந்தால் கப்ளர் முடிந்தது.

கப்ளர் மட்டும் தனியாகக் கிடைக்கிறது, முழு சூப்பர்சார்ஜர் வாங்கச் சொன்னால் ஏற்காதீர்கள். ஸ்பிரிங் இல்லாத கெட்டி கப்ளரும் விற்கிறார்கள், சத்தம் உடனே நிற்கும், ஆனால் எஞ்சின் உந்தல் அத்தனையும் நேராக ரோட்டர் கியருக்குப் போகும். ஸ்பிரிங் வகையே போடுங்கள் என்பது என் கருத்து. மூக்குப் பகுதியில் இருக்கும் ஆயிலை வாழ்நாள் ஆயில் என்று எழுதியிருப்பார்கள், திறந்த பிறகு அதை அப்படியே விடக் கூடாது. சூப்பர்சார்ஜருக்கென்றே வரும் ஆயிலைப் புதிதாக ஊற்றுங்கள், எஞ்சின் ஆயில் அதற்கு ஆகாது.

சூப்பர்சார்ஜரைக் கழற்றினால் அதன் அடியில் பிளாஸ்டிக் கூலண்ட் பைப்புகள் இருக்கும். இந்த எஞ்சினின் இன்னொரு பலவீனம் அது. பத்துப் பதினைந்து வருட வளைகுடா வெயிலில் பிளாஸ்டிக் மொறுமொறுவென்று ஆகிவிடும், ஒரு நாள் ஹைவேயில் உடைந்து கூலண்ட் கொட்டினால் எஞ்சின் சூடேறி ஹெட் வளைந்துவிடும். பின்பக்கத்துப் பைப்பைத் தொட வேண்டுமென்றால் சூப்பர்சார்ஜரைக் கழற்றித்தான் ஆக வேண்டும். எனவே கையோடு மாற்றிவிடுங்கள், இதில் கணக்குப் பார்க்காதீர்கள். நேரடி இஞ்செக்‌ஷன் என்பதால், அதாவது பெட்ரோல் வால்வைத் தொடாமல் நேரே சிலிண்டருக்குள் போவதால், காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வுகளில் கரி படிந்திருக்கும், அதைச் சுத்தம் செய்யவும் இதுதான் நேரம்.

மூன்றாவது, முன்பக்க இரைச்சல். இது எஞ்சினே அல்ல, ரேடியேட்டர் ஃபேனாக இருக்கத்தான் வாய்ப்பு. இந்த வண்டியில் ஃபேன் எஞ்சினோடு சேர்ந்தே சுற்றும், நடுவில் பிசுபிசுப்பான திரவம் நிறைந்த கிளட்ச் ஒன்று எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும். காலையில் ஸ்டார்ட் செய்து கிளம்பிய ஓரிரு நிமிடம் காற்றிரைச்சல் கேட்டு அடங்கினால் அது இயல்பு. ஆகஸ்ட் மாத வெயிலில், ஏசி முழுதாக ஓடும்போது இரைந்தாலும் இயல்பு. இரவில், ஏசியை அணைத்து, எஞ்சின் சூடு சாதாரணமாக இருக்கும்போதும் ஆர்.பி.எம். ஏற ஏற உறுமல் கூடிக்கொண்டே போனால் கிளட்ச் பிடித்தபடியே நின்றுவிட்டது. பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும், வண்டி இழுவையும் மந்தமாகும். கிளட்சை மாற்றினால் தீர்ந்தது. மாற்றுவதற்கு முன் அதன் ஒயரையும் கனெக்டரையும் பார்த்துவிடுங்கள், கம்ப்யூட்டரிலிருந்து சிக்னல் வராமல் போனாலும் இதே மாதிரி நடக்கும்.

இவை தவிர இந்த எஞ்சினில் கேட்கும் சில சத்தங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பானெட்டைத் திறந்தால் சீரான டிக்டிக் கேட்கும், அது உயரழுத்த இஞ்சக்டரும் பெட்ரோல் பம்பும், பிறவிக் குணம், விட்டுவிடுங்கள். ஆறிய எஞ்சினில் டிக்டிக் என்று ஒரு பக்கமாகக் கேட்டு சூடானதும் மறைந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கசிவாக இருக்கலாம், கறுப்புப் புகைக் கறை தேடுங்கள். கீச்சென்றால் பெல்ட், கரகரவென்றால் ஐட்லர் புல்லி அல்லது வாட்டர் பம்ப் பேரிங். ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது மட்டும் கிணுகிணுவென்றால் பெட்ரோலைப் பாருங்கள். பம்பில் ஆக்டேன் 91, 95, 98 என்று மூன்று பெட்ரோலும் இருக்கும்போது சூப்பர்சார்ஜர் வண்டிக்கு 91 போட்டு மிச்சம் பிடிக்க வேண்டாம், 98 போடுங்கள்.

பயப்பட வேண்டிய சத்தம் ஒன்று உண்டு. எஞ்சின் அடிவயிற்றிலிருந்து கனமாக டொக் டொக் என்று வரும், சூடேற ஏறக் கூடும், ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் வேகமாகும், ஃபில்டரில் பளபளக்கும் தகடும் இருக்கும். அது பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங். அந்தச் சத்தம் வந்தால் அந்த இடத்திலேயே அணைத்துவிடுங்கள், வீடு வரை ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். நீங்கள் எழுதியதில் இந்த அடையாளம் எதுவும் இல்லை. இதே வண்டியின் வி6 டீசல், 2.7 அல்லது 3.0, வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: உங்கள் எஞ்சினில் பேரிங் சுழன்று கிராங்கே உடைவது தெரிந்த பிரச்சினை, கீழே தட்டும் சத்தம் கேட்டால் இந்தப் பதிலில் உள்ள பொறுமை உங்களுக்குப் பொருந்தாது. 3.0 சூப்பர்சார்ஜர் வி6 பெட்ரோல்காரர்களுக்கு மாறாக மேலே சொன்ன செயின் விஷயம் பெரும்பாலும் பொருந்தும், அந்த எஞ்சின் இந்த வி8-இலிருந்தே உருவாக்கியது.

செலவை ஒரேயடியாகத் தாங்க முடியாது என்றால் வரிசை இதுதான்: ஆயிலும் ஃபில்டரும் ஸ்கேனும் இந்த வாரமே, செயின் அடுத்து, கூலண்ட் பைப்போடு சேர்த்துக் கப்ளர் அதற்கடுத்து, ஃபேன் கடைசி. கப்ளர் லொடலொடத்துக்கொண்டு சில மாதம் ஓடினால் வண்டி நடுவழியில் நிற்காது. செயின் அப்படியல்ல, அதைத் தள்ளிப்போடவே கூடாது. வேலை முடிந்த பிறகு 8,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்றுங்கள். பல நாடுகளில் இந்த எஞ்சினுக்கு 15,000 மைலுக்கு ஒருமுறை போதும் என்று சொல்லியிருந்தார்கள், அதாவது சுமார் 24,000 கி.மீ. துபாய், ஷார்ஜா டிராஃபிக்கில் ஐடிலில் மணிக்கணக்காக நிற்கும் வண்டிக்கு அது சரிப்படவே படாது.

கராஜுக்குப் போகும் முன் ஒரு காரியம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியை, பானெட்டைத் திறந்துவைத்து, மேலே இருக்கும் பிளாஸ்டிக் கவரை எடுத்துவிட்டு, ஃபோனில் வீடியோ ஓடவிட்டு வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முதல் பத்து நொடிதான் முக்கியம். கராஜில் வண்டி சூடாகப் போய்ச் சேரும், அங்கே அந்தச் சத்தம் வராது, அதனால்தான் பலர் சூட்டுச் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு எஞ்சின் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சூடான பிறகு டிரைவில் நிற்கும்போது இன்னொரு வீடியோ எடுங்கள், நடுவில் ஆர்.பி.எம்.மை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். இரண்டையும், விரித்த ஃபில்டரின் படத்தையும், ஸ்கேனில் வந்த கோடுகளையும் அனுப்பினால் கேட்டுப் பார்த்துவிட்டு இன்னும் திட்டமாகச் சொல்கிறேன்.